பழைய வண்டிக்கும் பம்பு செட்டுக்கும் வீட்டிலேயே கேஸ்கட் வெட்டும் முறை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், ஆவடியை அடுத்துச் சில நிலையங்கள் தாண்டினால் திருநின்றவூர் வருகிறது. இங்கிருந்து கிழக்கே பார்த்தால் தொழிற்சாலைகள். மேற்கே பார்த்தால் கழனிகள். கிழக்கே ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. அதற்கு அப்பால் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், மோட்டார் உறுப்புகளுக்குப் பெயர் பெற்ற பாடியும், 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் உருவான செம்பியமும் உள்ளன. மேற்கே செவ்வாப்பேட்டையை ஒட்டித் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இயங்கி வருகின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் பார்த்த மண் இது.

இதனால் இப்பகுதி உழவர்களிடம் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. பழைய இயந்திரத்தை எளிதில் தூக்கி எறிய மாட்டார்கள். காய்கறி மூட்டை ஏற்றப் பழைய ஜீப்பு, குடும்பத்திற்கு ஓர் அம்பாசடர், கிணற்றடியில் ஆயில் என்ஜின், கொட்டகையில் 30 ஆண்டு கண்ட மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர் என்று இன்றும் பல வீடுகளில் காணலாம். இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதற்கான சிறு உறுப்புகள் கடையில் கிடைப்பது அரிதாகி வருகிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு கார் நின்று அரை நூற்றாண்டு ஆயிற்று. அம்பாசடரின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் அலைந்தால் சில கிடைக்கும், சில கிடைக்கா.

அவ்வாறு கிடைக்காத உறுப்புகளில் மிகச் சாதாரணமானது கேஸ்கட். கையளவுத் தாள் அல்லது கார்க்குத் துண்டு ஒன்று கிழிந்ததற்காக வண்டி பத்து நாள் நிற்கலாம். கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் பம்பு நிற்கலாம். கேஸ்கட்டுகளில் பெரும்பாலானவற்றை நாமே வெட்டிக்கொள்ள முடியும். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது, எப்படி வெட்டுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கேஸ்கட்டின் வேலை என்ன?

இரண்டு இரும்பு முகங்களை எவ்வளவு வழவழப்பாகக் கடைந்து ஒன்றோடொன்று பொருத்தினாலும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கவே செய்யும். எண்ணெயும் நீரும் காற்றும் அந்த வழியே கசியும். இரும்பைவிட மெத்தென்ற ஒரு தகட்டை இடையில் வைத்துப் போல்ட்டுகளை இறுக்கினால், அது நசுங்கிப் பள்ளங்களில் நிரம்பி வழியை அடைக்கிறது. இதுவே கேஸ்கட். பட்டறைகளில் இதைப் பேக்கிங் என்றும் சொல்வார்கள்.

கேஸ்கட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சில இடங்களில் கேஸ்கட்டின் கனமே ஓர் அளவு. இரண்டு உறுப்புகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதை அக்கனம் தீர்மானிக்கிறது. அங்கே கசிவு நின்றால் மட்டும் போதாது. கனமும் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும்.

திருநின்றவூரை அடுத்த ஒரு சிற்றூரில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஓர் உழவர் தமது ஒற்றைச் சிலிண்டர் ஆயில் என்ஜினைப் பிரித்துப் பூட்டினார். சிலிண்டருக்கு அடியில் இருந்த மெல்லிய கேஸ்கட்டு கிழிந்து போனதால், கைக்குக் கிடைத்த கனத்த அட்டையை வெட்டி வைத்தார். எண்ணெய்க் கசிவு நின்றது. ஆனால் என்ஜின் கிளம்பவில்லை. கைப்பிடி சுற்றிச் சுற்றித் தோள் வலித்ததுதான் மிச்சம். கிளம்பிய பின்னும் வெண்புகை விட்டது. நாசில் கெட்டுவிட்டது என்று எண்ணிப் புது நாசில் வாங்கினார். பின்னர் பம்பையும் சோதிக்கக் கொடுத்தார். நவரை நடவு தள்ளிப் போயிற்று. கடைசியில் பார்த்தால் குற்றம் அந்த அட்டையில்தான். கனத்த அட்டை சிலிண்டரை மேலே தூக்கிவிட்டது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே இருக்க வேண்டிய சிறு இடைவெளி பெரிதாகிவிட்டது. காற்று போதுமான அளவு நெருக்கப்படவில்லை. எனவே டீசல் பற்றிக்கொள்ளும் சூடு ஏறவில்லை. பழைய கனத்தில் தாள் வெட்டி வைத்ததும் என்ஜின் முதல் சுற்றிலேயே கிளம்பிற்று. செலவழித்த பணம் செலவழித்ததுதான்.

எனவே வெட்டத் தொடங்குமுன் எது வெறும் அடைப்பு, எது அளவு என்று பிரித்தறிய வேண்டும்.

எவற்றை நாமே வெட்டலாம்?

டேப்பட் கவர், ஆயில் சேம்பர், டைமிங் கவர், பக்கவாட்டு மூடிகள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூடி, பம்பு செட்டின் உறிஞ்சு குழாய், வெளியேற்றுக் குழாய் ஆகியவற்றின் பிளாஞ்சுகள் ஆகிய இடங்களில் கேஸ்கட் பெரும்பாலும் அடைப்புக்காகவே இருக்கிறது. கனத்தில் சிறிது வேறுபாடு இருந்தாலும் தீங்கில்லை.

கீழ்க்கண்ட இடங்களில் கனம் மாறக் கூடாது. பழைய கேஸ்கட்டை அளந்து அதே கனத்தில்தான் வெட்ட வேண்டும்.

1. ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் சிலிண்டருக்கு அடியில் உள்ளவை. காரணம் மேலே சொல்லப்பட்டது.

2. டீசல் பம்புக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகள். இவற்றைக் கூட்டினால் டீசல் பாயும் நேரம் தாமதமாகும், குறைத்தால் முந்திவிடும். பிரிக்கும்போது எத்தனை தகடு இருந்தது என்று எண்ணி, நூலில் கோத்து வைத்துவிடுங்கள்.

3. பெட்ரோல் காரின் ஏசி பம்பு. அடியில் உள்ள கட்டையும் கேஸ்கட்டும் கனத்தால் பம்பின் நெம்புகோல் குறைவாக அசையும். பெட்ரோல் போதாமல் மேட்டில் வண்டி இழுக்காது. மெலிந்தால் பெட்ரோல் மிகுதியாக ஏறிக் கார்புரேட்டர் வழியும்.

4. ஆயில் பம்பின் மூடி. மூடியின் தாள் கனத்தால் எண்ணெய் அழுத்தம் குறையும். மெலிந்தால் பற்சக்கரம் மூடியில் உரசும்.

5. மோனோபிளாக் பம்பின் உறை. கனத்த ரப்பரை வைத்தால் சுழலும் இம்பெல்லருக்கும் உறைக்கும் இடைவெளி கூடி, தண்ணீர் உள்ளேயே சுற்றும். மின்சாரம் செலவாகும், மடையில் நீர் குறையும்.

6. டிராக்டரின் கியர் பெட்டியில் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் மூடிகள்.

எவற்றை வெட்டவே கூடாது?

சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டை வீட்டில் வெட்ட முயல வேண்டாம். டீசல் என்ஜினில் காற்று 16 மடங்குக்கு மேல் நெருக்கப்பட்டு, அதன்மேல் எரிபொருள் பற்றி எரிகிறது. அந்தத் தீயையும் அழுத்தத்தையும் தாங்குவதற்காக ஹெட் கேஸ்கட்டின் துளைகளைச் சுற்றி உலோக வளையம் அழுத்தப்பட்டிருக்கும். பக்கத்திலேயே தண்ணீர் வழியும் எண்ணெய் வழியும் வேறு உள்ளன. சிறிது பிசகினாலும் தண்ணீர் எண்ணெயில் கலந்து, பேரிங்குகள் தேய்ந்து, என்ஜினே பாழாகும். கடையில் எங்கும் கிடைக்காத பழைய வண்டியானால், மாதிரியைக் கொண்டுபோய்ச் செம்புத் தகட்டில் வெட்டித் தரச் சொல்லலாம். தகட்டை லேசர் கொண்டு வெட்டும் பட்டறைகள் அம்பத்தூர்ப் பகுதியில் உள்ளன.

பிரேக் உறுப்புகள், எரிவாயு இணைப்புகள் ஆகியவற்றுக்கும் கைவேலை கேஸ்கட் ஆகாது. இவை உயிர் சம்பந்தப்பட்டவை. கிடைக்கும் வரை வண்டி நிற்கட்டும்.

எந்த இடத்திற்கு எந்தப் பொருள்?

தாள்: எண்ணெயும் நீரும் உள்ள, மிகுந்த சூடு இல்லாத இடங்களுக்கு ஏற்றது. மோட்டார் உறுப்புக் கடைகளில் கேஸ்கட் தாள் சுருளாகக் கிடைக்கிறது. கால், அரை மில்லிமீட்டர் கனங்களில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவசரத்திற்குக் கனத்த பழுப்புத் தாளையும் எண்ணெயில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். திருமண அழைப்பிதழ் அட்டை வேண்டாம். அதன் வழவழப்பான பூச்சு எண்ணெயை உறிஞ்சாது. சூட்டில் பூச்சு உரிந்து கசியும்.

கார்க்கு: தகரத்தால் ஆன டேப்பட் கவர், ஆயில் சேம்பர் ஆகியவற்றுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் கனமுள்ள கார்க்கு ஏற்றது. தகரம் சற்று வளைந்திருந்தாலும் கார்க்கு அதை ஈடுகட்டும். வெறும் கார்க்கைவிட ரப்பர் கலந்த கார்க்கு உடையாமல் நெடுநாள் உழைக்கும்.

ரப்பர்: பழைய லாரி டியூப்பை வெட்டி வைப்பது நமது உழவர்களின் வழக்கம். தண்ணீர்க் குழாய்களுக்கு அது நல்லதே. எண்ணெயோ டீசலோ பெட்ரோலோ படும் இடத்தில் டியூப்பு ரப்பர் ஊதிப் பெருத்துக் கூழாகிவிடும். அங்கே எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் தகடுதான் வேண்டும்.

சூடு தாங்கும் தகடு: சைலன்சர் இணைப்பு, மேனிபோல்ட் ஆகிய இடங்களுக்குக் கல்நார் இல்லாத சூடு தாங்கும் தகடு என்று கேட்டு வாங்க வேண்டும். தாளும் கார்க்கும் இங்கே எரிந்துவிடும்.

செம்பு வாஷர்: நாசிலுக்கு அடியிலும் டீசல் குழாய் இணைப்பிலும் இருக்கும். ஒரு முறை இறுக்கியதும் செம்பு கெட்டிப்பட்டுவிடும். மறுபடி வைத்தால் கசியும். அதை எறிய வேண்டியதில்லை. கம்பியில் கோத்து மங்கலான சிவப்பு நிறம் வரும்வரை சூடேற்றி, தண்ணீரில் போட்டால் மீண்டும் மெத்தென்று ஆகும். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கெட்டியாகும் என்பது கொல்லுப் பட்டறை வழக்கு. செம்பின் குணம் வேறு. அது காய்ச்சினாலே இளகிவிடும், தோய்ப்பது கரியை நீக்குவதற்கே. பின்னர் கண்ணாடியின் மேல் வைத்த உப்புத்தாளில் தேய்த்து இருபுறமும் சமமாக்கவும். மெலிந்துபோன வாஷரை மறுபடி வைக்கலாகாது.

பொருள் ஏற்றதா என்பதில் ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. அந்த இடத்தில் எந்த எண்ணெய் அல்லது எரிபொருள் படுமோ அதில் ஒரு சிறு துண்டை மூடியுள்ள பாத்திரத்தில் ஓரிரவு ஊறவையுங்கள். காலையில் பெருத்தோ, பிசுபிசுத்தோ, உதிர்ந்தோ இருந்தால் அது ஆகாது. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இச்சோதனை இன்று முன்னைவிட அவசியம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து, இப்போது பரவலாகிவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர், கார்க்கு உறுப்புகளில் சில இதைத் தாங்குவதில்லை. நேற்றுவரை கசியாத கார்புரேட்டர் இன்று கசிந்தால் இதையும் ஒரு காரணமாகக் கொள்ள வேண்டும்.

தேவையான கருவிகள்

நல்ல கத்தரிக்கோல், கூரான கத்தி, இரும்பு அளவுகோல், காம்பஸ், பென்சில், உருண்டைத் தலையுள்ள சிறு சுத்தியல், துளை போடும் பஞ்சுகள், புளியங்கட்டை ஒன்று. கட்டையின் பக்கவாட்டில் அடித்தால் பஞ்சு பிளவில் சிக்கும். கறிக்கடைக் கட்டையைப் போல் அடிமரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் வைத்து அடித்தால் துளை சுத்தமாக விழும்.

பஞ்சு கிடைக்காவிட்டால் நாமே செய்துகொள்ளலாம். தேவையான உள்விட்டமுள்ள இரும்புக் குழாயில் விரல் நீளத் துண்டு எடுத்து, ஒரு முனையின் வெளிப்புறத்தைச் சரிவாக அரத்தால் தேய்த்துக் கூராக்கினால் போதும். வெட்டிய துண்டு உள்ளே அடைத்துக்கொண்டால் குச்சியால் தள்ளி எடுக்கலாம்.

முதல் வேலை: பிரித்தலும் துப்புரவும்

வண்டி ஆறிய பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடவும். பெட்ரோல் பக்கத்தில் பீடி, விளக்கு ஆகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கு கட்டைகள் வைக்க வேண்டும்.

பழைய கேஸ்கட்டைக் கூடிய மட்டும் கிழியாமல் எடுக்கவும். கிழிந்தாலும் துண்டுகளை எறிய வேண்டாம். அவையே நமக்கு மாதிரி. கனத்தை அளக்கும்போது போல்ட்டுக்கு அருகே நசுங்கிய இடத்தைத் தவிர்த்து, நசுங்காத ஓரத்தில் அளக்க வேண்டும்.

திறந்த வாய்களில் சுத்தமான துணியை அடைத்த பின்பே சுரண்ட வேண்டும். உள்ளே விழும் சிறு துண்டு எண்ணெய் வழியை அடைத்தால் புதிய கேஸ்கட்டால் ஆகும் நன்மையைவிடத் தீமையே அதிகம். அலுமினிய முகங்களை இரும்பு உளியால் சுரண்டினால் கோடு விழும். அக்கோட்டின் வழியே கசியும். மூங்கில் அல்லது பித்தளைத் துண்டைக் கூராக்கிச் சுரண்டுவதே நல்லது.

தகரச் சேம்பரையும் டேப்பட் கவரையும் முக்கியமாகப் பார்க்க வேண்டும். முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதால் போல்ட்டுத் துளைகளைச் சுற்றித் தகரம் புடைத்திருக்கும். அப்படியே பூட்டினால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் கசிவு நிற்காது. தகரத்தைச் சமமான கட்டையின் மேல் வைத்து, புடைப்புகளை மெல்லத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். இரும்பு அளவுகோலை முகத்தின்மேல் நிறுத்தி, மறுபுறம் டார்ச்சு அடித்துப் பார்த்தால் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பள்ளம் என்று அறியலாம்.

இரண்டாவது வேலை: வடிவம் எடுத்தல்

திருநின்றவூர், பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டிய ஊர். நமக்கு அந்தப் பேறு இல்லை. வடிவத்தைத் தாளில்தான் எடுக்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உண்டு.

அ) பழைய கேஸ்கட் முழுதாக இருந்தால் அதைத் தகட்டின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையலாம். தாள் கேஸ்கட் காய்ந்து சுருங்கியிருந்தால் துளைகள் பொருந்தா. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வரும். கடையில் வாங்கிய தாள் அல்லது கார்க்குக் கேஸ்கட் நாட்பட்டுச் சுருங்கியிருந்தாலும் இதே முறையைக் கையாளலாம்.

ஆ) உறுப்பைக் கையில் எடுக்க முடியுமானால், அதன் முகத்தில் கழிவு எண்ணெயை மெல்லியதாகப் பூசித் தாளின்மேல் அழுத்தவும். முத்திரை குத்தியது போல வடிவம் பதியும். எண்ணெய் பட்ட பக்கத்தைக் குறித்து வையுங்கள். பூட்டும்போது அதே பக்கம் அதே உறுப்பை நோக்க வேண்டும். திருப்பி வைத்தால், வடிவம் இருபுறமும் ஒத்திராத உறுப்புகளில் துளைகள் மாறிப்போகும்.

இ) அலுமினிய உறுப்பானால் தாளை மேலே வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்கவும். பிள்ளைகள் காசின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படம் எடுப்பது போல விளிம்புகள் பதியும்.

ஈ) கழற்ற முடியாத, கனத்த வார்ப்பிரும்பு உறுப்பானால் தாளை அதன்மேல் வைத்து, ஒரு போல்ட்டுத் துளையின் விளிம்பில் சுத்தியலின் உருண்டைத் தலையால் மெல்லத் தட்டவும். விளிம்பே கத்தியாகித் தாளை வெட்டும். அத்துளையில் ஒரு போல்ட்டைச் செருகவும். பின்னர் மூலைக்கு மூலை எதிராக உள்ள துளையைத் தட்டி அதிலும் போல்ட்டைச் செருகவும். இனித் தாள் நகராது. மற்றத் துளைகளையும் விளிம்புகளையும் இவ்வாறே தட்டி எடுக்கலாம். இம்முறை வார்ப்பிரும்புக்கு மட்டுமே. அலுமினியத்தில் தட்டினால் விளிம்பு நசுங்கும். ஓங்கி அடித்தால் மரைகளின் முதல் சுற்று கெட்டுவிடும்.

மூன்றாவது வேலை: வெட்டுதல்

புதிதாகச் செய்பவர்கள் முதலில் வெளிச்சுற்றை வெட்டி, பிறகு துளை போடுகிறார்கள். இது தவறு. ஓரம் மெலிந்த பின் துளை அடித்தால் கிழியும். போல்ட்டுத் துளைகளை முதலிலும், உட்புற வாயை அடுத்தும், வெளிச்சுற்றைக் கடைசியிலும் வெட்டுவதே சரியான வரிசை.

போல்ட்டுத் துளை போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். மிக இறுக்கமாக இருந்தால் கேஸ்கட் சுருங்கி மேலெழும்பும். உட்புற வாயும் உறுப்பின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. உறிஞ்சு குழாய் பிளாஞ்சில் ரப்பர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் நீரோட்டம் தடைப்படும். நாளடைவில் அந்த நாக்கு கிழிந்து இம்பெல்லரில் சிக்கவும் கூடும். எண்ணெய், தண்ணீர் செல்லும் சிறு துளைகளை மறந்துவிடாதீர்கள். ஒரு துளை விட்டுப்போனால் ஓர் உறுப்பு எண்ணெயின்றிக் காய்ந்து கெடும். வெட்டி முடித்ததும் பழைய கேஸ்கட்டையும் புதியதையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு துளையையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

காய்ந்த கார்க்கு வெட்டும்போது நொறுங்கும். வெந்நீரில் சிறிது நேரம் நனைத்து, துடைத்து, பலகையில் வைத்துக் கத்தியால் பல முறை மெல்லக் கீறி வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும்.

நான்காவது வேலை: பூட்டுதல்

நன்றாக வெட்டிய கேஸ்கட்டுக்குப் பசை அதிகம் தேவையில்லை. தாளுக்கு இருபுறமும் மெல்லிய கிரீஸ் பூச்சு போதும். அடுத்த முறை கிழியாமல் கழற்றவும் உதவும். டேப்பட் கவரின் கார்க்கு நகராதிருக்க, கவரின் பக்கத்தில் மட்டும் ஷெல்லாக்கு தடவி ஒட்டவும். என்ஜின் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். மரத்தில் அரக்குப் பூச்சி விட்ட பிசினைச் சாராய ஆவியில் கரைத்ததே ஷெல்லாக்கு. எண்ணெயும் பெட்ரோலும் அதைக் கரைப்பதில்லை.

இப்போது குழாயில் வரும் சிலிக்கோன் பசையைப் பலரும் அள்ளிப் பூசுகிறார்கள். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரிகிறது; உள்ளே பிதுங்கியது தெரிவதில்லை. உள்ளே பிதுங்கிய துணுக்குகள் உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் என்ஜின் எண்ணெயின்றிப் பிடித்துக்கொள்ளும். பூச வேண்டியிருந்தால் நூலளவு பூசினால் போதும். பெட்ரோல் படும் இடத்தில் சாதாரணச் சிலிக்கோன் பயன்படாது.

போல்ட்டுகள் அனைத்தையும் முதலில் விரலால் இறுக்குங்கள். பிறகு எதிரெதிராக, மூன்று சுற்றாக, சிறிது சிறிதாக ஸ்பேனரால் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் முழுதும் இறுக்கினால் மறுபக்கம் வாய் பிளக்கும். கார்க்குக்கு விரலிறுக்கத்திற்கு மேல் அரைச் சுற்று போதுமானது. கார்க்கு ஓரத்தில் பிதுங்கத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். என்ஜினை ஒரு முறை ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி ஒரு முறை இறுக்கம் பார்க்க வேண்டும். அதோடு விட்டுவிட வேண்டும். கசிகிறதே என்று தினமும் இறுக்குவதால் கசிவு கூடுமே தவிரக் குறையாது.

உறிஞ்சு பக்கக் கசிவு

பம்பு செட்டில் வெளியேற்றுப் பக்கம் கசிந்தால் தண்ணீர் சொட்டும்; உடனே தெரியும். உறிஞ்சு பக்கம் கசிந்தால் எதுவும் சொட்டாது. உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் வெளிக்காற்று உள்ளே புகும். பம்பு நீரைத் தானாக இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி சுமார் 10 மீட்டர் வரை தள்ளலாம். நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பிளாஞ்சு கேஸ்கட்டில் ஓர் ஊசித் துளை இருந்தாலும் இதுவும் குறைந்துவிடும். தண்ணீர் விட்டு விட்டு வரும். பால்போல் நுரைத்து வரும். நிறுத்திக் கிளப்பினால் மறுபடி நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

இதைக் கண்டதும் பெரும்பாலோர் புட் வால்வு கெட்டுவிட்டது என்று எண்ணிச் சாணத்தைக் கரைத்து ஊற்றுகிறார்கள். வால்வின் சிறு கசிவுக்கு அது பயன்படும். பிளாஞ்சுக் கசிவுக்குப் பயன்படாது. கிணற்றில் இறங்கி வால்வைக் கழற்றுமுன், பம்பு ஓடும்போது ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். எங்கே நுரை உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கேதான் கோளாறு. அந்த ஒரு கேஸ்கட்டை மாற்றினால் போதும்.

கல்நார்: கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பழைய வண்டிகளின் ஹெட் கேஸ்கட், சைலன்சர் கேஸ்கட், பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு ஆகியவற்றில் கல்நார் கலந்திருக்கும். பட்டறை மூலைகளில் கிடக்கும் பழைய சாம்பல் நிறக் கேஸ்கட் தகடுகளும் பெரும்பாலும் கல்நார்த் தகடுகளே. சூட்டையும் எண்ணெயையும் நன்கு தாங்கியதால் ஒரு காலத்தில் எல்லோரும் அதையே வெட்டினார்கள். ஆனால் அதன் தூசி மூச்சில் புகுந்தால் நுரையீரல் இறுகிப் போகும், புற்றுநோயும் வரும். நோய் உடனே தெரிவதில்லை. 20, 30 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். 1995-ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று பணித்தது இதனால்தான்.

எனவே பழைய கேஸ்கட்டை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. சோப்பு நீர் தெளித்து நன்கு ஊறவைத்து ஈரமாகவே சுரண்டுங்கள். கம்பித் தூரிகைச் சக்கரத்தால் தேய்ப்பதும், காற்றுக் குழாயால் ஊதுவதும், எரிப்பதும் கூடாது. சுரண்டியதைப் பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு கட்டி ஒதுக்குங்கள். துடைத்த துணியை வீட்டுத் துணிகளோடு துவைக்க வேண்டாம். பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். வீட்டில் பழைய கல்நார்த் தகடு மிச்சமிருந்தால், வீணாகிறதே என்று அதிலிருந்து புதிய கேஸ்கட் வெட்டாதீர்கள். பத்து ரூபாய் மிச்சத்திற்கு நுரையீரலைக் கொடுப்பது ஆதாயமாகாது.

மாதிரிகளைப் பாதுகாத்தல்

ஒரு முறை வடிவம் எடுத்துவிட்டால் அதை வீணாக்க வேண்டாம். வெட்டும்போதே கனத்த அட்டையில் இன்னொன்று வெட்டி, எந்த உறுப்பு, என்ன பொருள், எத்தனை மில்லிமீட்டர் கனம், எந்தப் பக்கம் வெளியே என்பவற்றை அதன்மேல் எழுதி, பம்பு அறையில் ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். அடுத்த முறை கால் மணி நேரத்தில் வேலை முடியும். ஒரே வகை என்ஜின் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒருவரது மாதிரி மற்றவர்க்கும் பயன்படும்.

கேஸ்கட் தாள், கார்க்கு, ரப்பர் ஆகியவற்றைச் சுருட்டி நிற்க வைக்காமல் தட்டையாக, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். கார்க்கு உலர்ந்து வெடிக்காதிருக்கப் பிளாஸ்டிக் உறையில் இட்டு வைப்பது நலம்.

ஓய்வாக உள்ள ஒரு நாளில், நல்ல நிலையில் உள்ள பம்பின் வாட்டர் பிளாஞ்சு ஒன்றில் முதலில் வெட்டிப் பழகுங்கள். அங்கே தவறினால் நஷ்டம் ஒரு ரப்பர்த் துண்டு மட்டுமே. கை பழகிய பின் டேப்பட் கவர், சேம்பர் என்று ஒவ்வொன்றாகச் செல்லலாம். கழனி காயும் வேளையில், கிழிந்துபோன ஒரு தாளுக்காக நகரத்துக் கடைவீதியில் அலையும் நிலை இனி உங்களுக்கு வேண்டியதில்லை.